புதுப்பிப்பு: கடை வைஃபையில் மட்டும் வந்த சூதாட்ட விளம்பரம்

கடை வைஃபையில் இணைந்த போன்களில் எல்லாம் சூதாட்ட விளம்பரம் திறக்கிறது, மொபைல் டேட்டாவில் ஒன்றும் இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் ரவுட்டர்தான்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1 போய்ப் பார்த்தால், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) தானாக வர வேண்டிய கட்டத்தில் யாரோ ஓர் எண்ணைக் கையால் போட்டிருந்தார்கள். வங்கித் தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் இது போலித் தளத்துக்குக் கொண்டுபோய் விடலாம். பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் தாண்டிப் போகாதீர்கள்.

டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்தினால் போதாதா என்று கேட்டிருந்தார்கள். போதாது. ரவுட்டரைப் பொருத்த வந்தவர் விட்டுப்போன பயனர்பெயர், கடவுச்சொல் 'அட்மின், அட்மின்' அப்படியே இருந்தது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் திறந்து கிடந்தது. மாற்றியவன் மறுபடி மாற்றுவான். அதனால் ஃபேக்டரி ரீசெட், அப்புறம் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட், புதுக் கடவுச்சொல், டிஎன்எஸ்ஸுக்கு 9.9.9.9 (குவாட்9 என்ற பொது டிஎன்எஸ் சேவை). டபிள்யூபிஎஸ்ஸையும் (வைஃபை கடவுச்சொல் தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணைத்தாயிற்று. அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் சிக்கிவிடும்; 2011-லேயே வெளிவந்த ஓட்டை இது.

பில் போடும் கணினி தனி வைஃபையில், வாடிக்கையாளர்கள் கெஸ்ட் வைஃபையில். ரீசெட் அழுத்தும் முன் இணைய இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கஸ்டமர் கேரில் அரை நாள் போய்விடும்.