வெண்டிலேட்டர் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது ஆக்சிஜன் கணக்கு: அனுபவப் பகிர்வு

மயக்கவியல் மருத்துவர்

"சிலிண்டர் ஃபுல்லா இருக்கு சார்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஐசியூவிலிருந்து சி.டி.க்குக் கிளம்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கேஜ் காட்டுவது பிரஷரை. நமக்குத் தெரிய வேண்டியது, அது எத்தனை நிமிடம் வரும் என்பது.

சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு அதன் தோள்பகுதியில் பொறித்திருக்கும். அதை கேஜ் காட்டும் கிலோ பிரஷரால் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அளவு) பெருக்கினால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். கூடவே கொண்டுபோகும் சிறிய சிலிண்டரான பி டைப்புக்குக் கொள்ளளவு 10 லிட்டர். 150 கிலோ இருந்தால் 1500 லிட்டர். பெரிய சிலிண்டரான டி டைப்புக்கு 46.7 லிட்டர், நிறைந்திருந்தால் சுமார் 7000 லிட்டர். கேஜ் பிஎஸ்ஐயில் இருந்தால் 14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 2000 பிஎஸ்ஐ என்றால் 140 கிலோவை ஒட்டி. சிலிண்டருக்குள் ஆக்சிஜன் வாயுவாகவே இருப்பதால் பிரஷர் பாதியானால் சரக்கும் பாதி. கடைசி 20 கிலோவை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குக் கீழே வெண்டிலேட்டருக்குப் போகும் பிரஷரை நம்ப முடியாது.

இனி செலவு. ஒரு நிமிடத்தில் நோயாளிக்குப் போகும் காற்று 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெண்டிலேட்டரின் பயாஸ் ஃப்ளோ, அதாவது மூச்சுக்கு இடையிலும் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும் வாயு, 3 லிட்டர். இந்த மூன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆக்சிஜன் 100 சதவீதத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 11 லிட்டர். போய், படம் எடுத்து, திரும்பி வர 40 நிமிடம் என்றால் 440 லிட்டர். பாதுகாப்புக்காக அதை இரட்டிப்பாக்குங்கள்: 880. அடியில் விடும் 20 கிலோவுக்கு 200 லிட்டர் சேர்த்தால் 1080. ஆக, பி டைப் கேஜில் 110 கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்த சிலிண்டரோடு கிளம்பக் கூடாது.

அறைக் காற்றைத் தானே இழுத்துக் கலக்கும் டர்பைன் வெண்டிலேட்டர் 60 சதவீத ஆக்சிஜனில் ஓடினால் செலவு குறையும். 60-இலிருந்து, அறைக் காற்றிலேயே இருக்கும் 21 சதவீதத்தைக் கழித்து 79-ஆல் வகுத்தால் 0.49, 11 லிட்டரில் ஏறக்குறைய பாதிதான் சிலிண்டரிலிருந்து வரும். ஆனாலும் 100 சதவீதத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கேன் மேஜைக்கு மாற்றும்போது சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்கினால் கை முதலில் போவது ஆக்சிஜன் சதவீதத்தைக் கூட்டும் குமிழுக்குத்தான்.

வாயு அழுத்தத்தாலேயே இயங்கும் பழைய டிரான்ஸ்போர்ட் வெண்டிலேட்டர் என்றால், இயங்குவதற்கே எவ்வளவு வாயு எடுக்கிறது என்று அதன் கையேட்டில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் வித்தியாசம் பெரியது.

ஐசியூ செவிலியர்

டாக்டர் சொன்ன கணக்கு சரியாக இருந்தும் நோயாளி நீலமாகும் ஒரு வழி உண்டு. செக் பண்ணுவதற்காக மெயின் வால்வைத் திறந்து, பிரஷர் பார்த்து, மூடிவிடுவோம். ரெகுலேட்டருக்குள் சிக்கிய வாயுவால் கேஜ் முள் 120-லேயே நிற்கும். அதைப் பார்த்து அடுத்தவர் வெண்டிலேட்டரை இணைப்பார். சில நொடி நன்றாக ஓடும். அப்புறம் முள் விழும், அலாரம் அடிக்கும். அதற்குள் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போயிருக்கும்.

அதனால் செக் முடிந்து மூடியதும் ஃப்ளோவைத் திறந்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கிளம்பும்போது மெயின் வால்வை மெதுவாக, முழுதாகத் திறந்து, நோயாளியை மாற்றிய பிறகு இரண்டு நிமிடம் கட்டிலருகிலேயே முள்ளைக் கவனிக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்த வால்விலும் முதலில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிரிட்டனில் 2018 ஜனவரியில் தேசிய சுகாதாரச் சேவை இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சிலிண்டர் வால்வைச் சரியாகக் கையாளாததால் மூன்று ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் 6 பேர் இறந்திருந்தார்கள்.

வால்வைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே சங்கிலி போட்டுக் கட்டுங்கள். டிராயரில் இருக்கும் சாவி லிஃப்டில் உதவாது. சிலிண்டரை நோயாளியின் கால்களுக்கு நடுவே படுக்க வைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். பி டைப் பதினைந்து கிலோவை ஒட்டிய எடை. உருண்டு விழுந்தால் வால்வு உடையும், இல்லையென்றால் நோயாளியின் சுவாச டியூப்பை இழுத்துக்கொண்டு போகும்.

பயோமெடிக்கல் டெக்னீஷியன்

சிஸ்டர் சொன்னதோடு இணைப்புகளையும் பார்க்க வேண்டும். அடிக்கடி வரும் புகார்: "சிலிண்டர் ஃபுல், ஆனா வெண்டிலேட்டர்ல ஆக்சிஜன் லோ அலாரம்." போய்ப் பார்த்தால் ஹியுமிடிஃபையர் பாட்டில் மாட்டும் ஃப்ளோமீட்டரிலிருந்து குழாய் இழுத்திருப்பார்கள். அது தருவது நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒவ்வொரு மூச்சின் தொடக்கத்திலும் வெண்டிலேட்டர் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் இழுக்கும். அதற்கு 4 பார் அழுத்தத்தில் நேரடி அவுட்லெட் உள்ள ரெகுலேட்டர் வேண்டும். லோ பிரஷர் இன்லெட் தனியாக உள்ள டர்பைன் மாடல்கள் மட்டும் விலக்கு.

இரண்டாவது, பின் இண்டெக்ஸ் நுகத்தில் (ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வோடு பொருத்தும் பிடியில்) இருக்க வேண்டிய வாஷர். சிலிண்டர் மாற்றும்போது பழையதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இல்லாமல் இறுக்கினால் சீறும். சீறலை நிறுத்த இன்னும் இறுக்கினால் வால்வு முகம் கெடும். உதிரி வாஷர் இரண்டு டிராலியில் தொங்கட்டும். கசிவை நிறுத்த எண்ணெய், கிரீஸ், டேப் எதுவும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது, சுவரில் ஆக்சிஜன் எடுக்கும் பாயிண்ட். பழைய பிளாக்கில் ஒரு வகை, புதிய பிளாக்கில் வேறு வகை இருக்கும். ஐசியூ ஹோஸின் முனை ஸ்கேன் அறைச் சுவரில் பொருந்தாது. இரண்டு வகை முனையோடும் ஹோஸ் வைத்துக்கொண்டால், ஸ்கேன் அறையில் நுழைந்ததும் சுவருக்கு மாறி சிலிண்டரை மூடிவிடலாம். 40 நிமிடப் பயணத்தில் 20 நிமிடம் மிச்சம்.

சுவாச சிகிச்சை நிபுணர்

மேலே உள்ள கணக்கு சுவாசக் குழாயில் டியூப் போட்ட நோயாளிக்கு. ஹை ஃப்ளோ நேசல் கேனுலாவில் (மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் தரும் குழாயில்) இருப்பவருக்கு அதே சிலிண்டர் எதற்கும் காணாது. நிமிடத்துக்கு 60 லிட்டர், 100 சதவீதம் என்றால் நிறைந்த பி டைப்பில் பயன்படும் 1300 லிட்டர் 22 நிமிடம்கூட வராது. இரட்டிப்பு விதிப்படி பார்த்தால் பத்து நிமிடப் பயணத்துக்குத்தான் சரி. அவரை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் டிராலியில் டி டைப் வேண்டும். 20 கிலோ விட்டுவிட்டாலும் 100 நிமிடம் வரும். அல்லது ரிசர்வாயர் பையுள்ள மாஸ்க்கில் 15 லிட்டர் கொடுத்து, வார்டிலேயே 15 நிமிடம் தாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். தாங்கவில்லை என்றால் அந்த ஸ்கேன் இன்றே தேவையா, டியூப் போட்ட பிறகு போகலாமா என்று மூத்த மருத்துவரிடம் பேசுங்கள். மாஸ்க் வழி வெண்டிலேஷனிலும் கசிவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒற்றைக் குழாய் சர்க்யூட்டில் வெளியேற்றும் துளை வழியாக மட்டுமே நிமிடத்துக்கு 20 முதல் 40 லிட்டர் போகும்.

பெயின் (Bain) சர்க்யூட்டோடு, அதாவது வரும் வாயுவால் மட்டுமே நிரம்பும் பையுள்ள குழாயோடு, போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆக்சிஜன் நின்றால் அந்தப் பை நிரம்பாது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் தானாக விரியும். சிலிண்டர் தீர்ந்தாலும் அறைக் காற்றையாவது கொடுக்கலாம். எதில் போனாலும் சரியான அளவு மாஸ்க்கோடு ஆம்பு பேக்கை நோயாளியின் தலைமாட்டிலேயே வையுங்கள். பீப் (PEEP, மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) 10-க்கு மேல் இருப்பவருக்கு ஆம்புவில் பீப் வால்வும் இருக்கட்டும்.

ரேடியோகிராஃபர்

எம்ஆர்ஐ என்றால் இரும்பு சிலிண்டர் வாசலைத் தாண்டக் கூடாது. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன் காந்தம் இழுத்த சிலிண்டர் தாக்கி இறந்தான். 2018-இல் மும்பையில் சிலிண்டரோடு உள்ளே போன இளைஞர் இறந்தார். படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். "மெஷின் ஆஃப்ல இருக்கு, கொண்டு போங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அலுமினிய சிலிண்டர் போதாது; ரெகுலேட்டரும் சாவியும்கூட காந்தம் இழுக்காதவையாக இருக்க வேண்டும். சிறந்த வழி, சுவர் ஆக்சிஜனும் நீளமான ஹோஸும்.

இன்னொன்று: கிளம்புவதற்கு முன் எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள். முந்தைய நோயாளி மேஜையில் இருக்கும்போது வந்து, வராந்தாவில் சிலிண்டரில் காத்திருப்பதுதான் உங்கள் கணக்கைக் கெடுக்கிறது.

மயக்கவியல் மருத்துவர்

லிஃப்டுக்கும் அதே போன் வேண்டும். ஆபரேட்டர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கட்டும். லிஃப்ட் நின்றுபோனால் செய்ய வேண்டியதையும் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: சாச்சுரேஷன் 92-க்குக் கீழே இறங்காத அளவுக்கு ஆக்சிஜன் சதவீதத்தைக் குறைத்து சிலிண்டரை நீட்டிப்பது யார், வெளியிலிருந்து இரண்டாவது சிலிண்டரைக் கொண்டுவருவது யார் என்று. திரும்பியதும் கேஜைப் பார்த்து, புறப்பட்ட பிரஷர், வந்த பிரஷர், ஆன நிமிடம் மூன்றையும் டிரான்ஸ்போர்ட் ஷீட்டில் எழுதுங்கள். கணக்கை விட அதிகம் தீர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்த செட்டை அடுத்த நோயாளிக்கு எடுக்காமல் பயோமெடிக்கலுக்கு அனுப்புங்கள்.