முக்கால் பங்கு வெள்ளி கரைந்த பின்னும் தங்கத் தகடு உருக்குலையாமல் நிற்பது எப்படி?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை

வணக்கம். எங்கள் பட்டறையில் பழைய தங்கத்தைச் சுத்தம் செய்யும்போது, ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, மெல்லிய தகடாக்கி, நைட்ரிக் திராவகத்தில் காய்ச்சுவார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்த பிறகு, தகட்டின் வடிவத்திலேயே, தொட்டால் நொறுங்கும் பழுப்புநிறப் பொருள் ஒன்று எஞ்சுகிறது. நெருப்பில் காட்டினால் அது சுருங்கி மஞ்சளாகிறது. எடையில் முக்கால் பங்கு போன பின்னும் அது ஏன் குலைந்து விழவில்லை? வெள்ளி குறைவாக இருந்தால் மட்டும் திராவகம் உள்ளே இறங்காமல் நின்றுவிடுவது ஏன்?

பதில் 1: பொருளறிவியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

உங்கள் முதல் கேள்வியில் ஒளிந்திருக்கும் ஊகம்தான் பலரையும் குழப்புவது. வெள்ளி இருந்த இடங்கள் துளைகளாகவும், தங்கம் இருந்த இடங்கள் அப்படியே சட்டமாகவும் எஞ்சுவதாக எண்ணுகிறோம். உண்மையில் தங்க அணுக்கள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. உங்கள் கலவையை எடையால் அல்லாமல் அணுக்களால் எண்ணினால், தங்க அணு வெள்ளி அணுவைப்போல ஏறத்தாழ இருமடங்கு கனமானது என்பதால், நூறில் 85 அணுக்கள் வெள்ளியே. மேற்பரப்பிலுள்ள வெள்ளி கரைந்ததும், ஆதரவின்றி நிற்கும் தங்க அணுக்கள் பரப்பின் மீதே நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து சிறு திட்டுகளாகின்றன. திட்டுகளுக்கு இடையே புதிய வெள்ளிப் பரப்பு வெளிப்பட, திராவகம் அங்கே மேலும் இறங்குகிறது. இப்படித் தோண்டுவதும் சேர்வதும் ஒருசேர நடப்பதால், சில பத்து நானோமீட்டரே தடிப்புள்ள தங்க இழைகள் இடையறாது பின்னிய வலை ஒன்று உருவாகிறது. பொருளறிவியல் ஆய்வாளர் யோனா எர்லேபாக்கரும் உடன் பணியாற்றியோரும் 2001இல் கணினிக் கணக்கீட்டின் மூலம் இதை விளக்கினர்.

வெள்ளி குறைந்தால், திட்டுகள் விரைவில் ஒன்றாகி முழுப் பரப்பையும் மூடிவிடும். திராவகம் தொடர்ந்து செல்ல வெள்ளிப் பாதை கிடைக்காது. அந்த எல்லை நூறு அணுக்களில் ஏறத்தாழ 55 வெள்ளி. எடைக்கணக்கில் இது 40 விழுக்காட்டை ஒட்டியது.

பதில் 2: தரச்சோதனைக்காரர்

அப்படியானால் 40 விழுக்காடு வெள்ளி போதாதா, மூன்று பங்கு எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். எல்லைக்கு அருகில் நின்றால் வெள்ளி உள்ளே சிக்கிக்கொண்டு, பிரித்த தங்கத்தின் மாற்று, அதாவது தூய்மை, குறையும். மூன்று பங்குக்கு மேல் ஏற்றினாலோ இழைகள் தாங்காமல் தகடு பொடியாகி, எடை பார்க்கும்போது துகள் கைநழுவும். பழைய வழக்கத்தில் கண்டுபிடித்த அளவு இந்த இரண்டுக்கும் நடுவே சரியாக அமைந்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை: நன்றி ஐயா. பழுப்பு நிறத்துக்கும் சுருக்கத்துக்கும் காரணம் என்ன? இந்த வலைக்குப் பயன் ஏதும் உண்டா?

பதில் 3: பொருளறிவியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய இழைகளிடையே ஒளி சிக்கி உறிஞ்சப்படுவதால்தான் பழுப்பு. சூட்டில் இழைகள் தடித்துத் துளைகள் அடைபடும்; எனவே சுருக்கமும் மஞ்சளும்.

இப்படி ஓர் உலோகத்தை மட்டும் கரைத்து வலையாக்கும் முறைக்குப் பயனோ ஏராளம். அமெரிக்கப் பொறியாளர் மரே ரேனி 1920களில் நிக்கல், அலுமினியக் கலவையிலிருந்து அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் அகற்றி, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும் வினையூக்கியை உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. உலர்ந்தால் காற்றிலேயே தீப்பற்றும் என்பதால் நீருக்குள் வைத்திருப்பார்கள். டைட்டானியம் போன்ற உலோகங்களுக்கு அமிலம் ஒத்துவராது; 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டைட்டானியம், செம்புக் கலவையை உருகிய மக்னீசியத்தில் மூழ்கடித்தார்கள். செம்பு அதில் கரைய, டைட்டானியம் வலையாக நின்றது. நம் சேலம் செட்டிச்சாவடிப் பக்கத்து மேக்னசைட் தாதுவிலும் அதே மக்னீசியம்தான் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்கே போகிறது.

பதில் 4: ஏற்காடு அடிவாரம்

கலவையில் ஓர் உலோகம் மட்டும் கரைவது நாம் விரும்பாமலே நடக்கும் வகையும் உண்டு. குளோரைடு மிகுந்த நீரில் பித்தளைக் குழாயிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து, சிவந்த, பலமற்ற செம்பு எஞ்சும். சிறிதளவு ஆர்சனிக் சேர்த்த பித்தளை இதைத் தாங்கும். பட்டறையில் காய்ச்சும்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அது சுவாசித்துப் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். புகை உறிஞ்சும் கூண்டில்லாத அறையில் திராவகத்தைக் காய்ச்ச வேண்டாம், தம்பி.