சித்தப்பா கடைத் திறப்பு: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். கடைத் திறப்புக்கு ஈவென்ட்காரர் கொடுத்த பட்டியல் இது. நாதஸ்வரம், பலூன் வளைவு, ஜெனரேட்டர், வாசலில் நிற்க 4 பெண்கள். அவர்களுக்கு உடை அவரே கொடுப்பாராம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

அத்தை: என்ன உடை தம்பி?

சித்தப்பா: முட்டிக்கு மேலே நிற்கிற ஸ்கர்ட், அக்கா. போன மாதம் ஒரு செல்போன் கடைக்கு இப்படி நிறுத்தினாராம். பையன்கள் தெருவரை நின்று செல்ஃபி எடுத்தார்களாம். நமக்கு இலவச விளம்பரம் என்கிறார்.

அத்தை: நாம் விற்கப் போவது மிக்சி, கிரைண்டர். அதை வாங்க வருகிறவள் என்னைப் போன்றவள். செல்ஃபி எடுக்கிற பையனா கிரைண்டர் வாங்கப் போகிறான்?

அக்கா தைவான்: சித்தப்பா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், படியுங்கள். தைவானில் இந்தச் சிஞ்சு நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு தோழியை வழியனுப்ப இரவில் தாவ்யுவான் விமான நிலையத்துக்குப் போனேன். சாலையோரம் நியான் விளக்கு போட்ட கண்ணாடிக் கூண்டுகள். உள்ளே உயரமான ஸ்டூலில், உள்ளாடை அளவுக்கு உடுத்திய ஒரு பெண். அது என்ன இடமோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் பாக்குக் கடை!

பெரியப்பா: பாக்கா? நாம் போடுகிற பாக்கா?

அக்கா தைவான்: அதே பாக்குதான் பெரியப்பா. இங்கே பச்சையாக, பிஞ்சாகவே மெல்லுவார்கள். சுண்ணாம்பு தடவி வெற்றிலையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். லாரி ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரர்களும் தூக்கம் வராமல் இருக்கப் போடுகிறார்கள். லாரி நின்றதும் அந்தப் பெண் கூண்டை விட்டு ஓடிப்போய் ஜன்னலில் எட்டிக் கொடுக்க வேண்டும், சிரிக்கவும் வேண்டும். அவர்களுக்குப் 'பின்லாங் ஷீஷி' என்று பெயர். பின்லாங் என்றால் பாக்கு, ஷீஷி பழங்காலச் சீனத்துப் பேரழகி. 1960களில் நான்தோ பக்கம் ஒரு கடையில் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து விற்றதில் தொடங்கியது என்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரன் பார்த்து அவனும் ஒரு பெண்ணை வைத்தான். எல்லாக் கடையிலும் அதே பாக்கு, அதே விலை. அப்புறம் எதில் போட்டி போடுவது? உடையைக் குறைப்பதில்தான் போட்டி.

அத்தை: அரசாங்கம் கேட்காதா?

அக்கா தைவான்: 2002-இல் தாவ்யுவானில் மார்பு, வயிறு, பிட்டம் தெரியக் கூடாது என்று விதி போட்டார்கள். திட்டு முழுவதும் அந்தப் பெண்களுக்குத்தான். கடை முதலாளி முகத்தை யாரும் பார்த்ததில்லை. விற்கிற பொருளையும் சொல்ல வேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே சொல்லிவிட்டது. பெரியப்பா, இது உங்களுக்கும்தான்.

பெரியப்பா: சரி சரி, ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் வாயைக் காட்டுகிறேன்.

அண்ணா சியாட்டில்: இங்கே காபியே அப்படித்தான் விற்கிறார்கள். பிகினி போட்ட பெண்கள் காரில் வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கிற சின்னச் சின்னப் பெட்டிக்கடைகள். பக்கத்து எவரெட் நகரில் 2017-இல் உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கடைக்கார அம்மாவும் அங்கே வேலை பார்த்த பெண்களுமே வழக்குப் போட்டார்கள். 2022-இல், அந்த விதி பெண்களை மட்டும் குறிவைக்கிறது என்று நீதிபதி சொல்லிவிட்டார். மறு வருடம் நகராட்சி 5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. எங்கள் உடம்பு, எங்கள் விருப்பம் என்றார்கள் அந்தப் பெண்கள். அதையும் தள்ளிவிட முடியாது.

நான்: விருப்பம் என்பதைப் பற்றி நான் சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் திருச்சியில் ஒரு மாலில் ஷாம்பு விளம்பரத்துக்கு மூன்று நாள் நின்றேனே, நினைவிருக்கிறதா? முதல் நாள் டிஷர்ட், ஜீன்ஸ். இரண்டாம் நாள் இரண்டு சைஸ் சின்ன டிஷர்ட் கொடுத்தார்கள். மாட்டேன் என்றால் மூன்று நாள் சம்பளமும் கிடையாது என்றார் சூப்பர்வைசர். போட்டுக்கொண்டேன். அதற்குப் பெயர் விருப்பமா? ஒருவர் ஷாம்புவை வாங்கும் சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சூப்பர்வைசரிடம் ஓடினேன். 'கஸ்டமர் அம்மா, சிரித்துச் சமாளி' என்றார். மூன்றாம் நாள் போகவில்லை. ஒரு பைசா வரவில்லை.

அத்தை: என்னிடமாவது சொல்லியிருக்கலாமே கண்ணு.

நான்: சொன்னால் 'நீ ஏன் போனாய்' என்று கேட்பீர்களோ என்று பயம், அத்தை.

சித்தப்பா: பட்டியலில் அந்த வரியை அடித்துவிடச் சொல்கிறேன். மன்னித்துவிடு அம்மா. எனக்கு இது தோன்றவே இல்லை.

நான்: அடித்துவிட்டால் அந்த நாலு பேருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும் சித்தப்பா. அவர்கள் வரட்டும். கிரைண்டர் எப்படி ஓடுகிறது, எத்தனை வாட், வாரண்டி என்ன என்று முதல் நாள் சொல்லிக் கொடுங்கள். விற்றுக் காட்டுவார்கள்.

சித்தி: என்னங்க, உடை அவர்கள் சுடிதாரோ புடவையோ, எது வசதியோ அது. அப்புறம் நாலு நாற்காலி. கல்யாணத்துக்கு முன்னால் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றவள் நான். கால் வீங்கிப் போகும். 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது, கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று.

சித்தப்பா: நாற்காலி போட்டுவிடலாம். ஈவென்ட்காரரிடம் பேசினேன். 'உடை இல்லையென்றால் ரேட் பாதிதான் சார்' என்கிறார்.

நான்: பெண்களுக்கும் பாதியா?

சித்தப்பா: ஆமாம். அவர் மூலமாக வேண்டாம். நம்பர் வாங்கித் தா, அவர்களிடமே பேசி முழுக் கூலியை நேராகக் கொடுத்துவிடுகிறேன்.