"லெட்ஸ் மீ": போக விடுறவனை ஏன் கொல்லணும்? அவசரம்

தேர்வுக்காரி:
நாளை மறுநாள் தேர்வு. "ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ". தன்னைப் போக விடுறவனையே கொன்னு பேயாக்குவேன்னு சொல்றானா? தலைகீழா இருக்கே. சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்:
எந்த நாடகம்? யார்கிட்ட பேசுறான்? எந்தப் பதிப்பு வச்சிருக்கீங்க?

அச்சுக்கோப்பு:
ஷேக்ஸ்பியரோட ஹேம்லட். 1603, 1604-05, 1623னு மூணு பழைய பதிப்பு இருக்கு, ஏகப்பட்ட பாடபேதம். எங்கேயோ 'நாட்' விட்டுப்போயிருக்கும்.

பழையவாத்தியார்:
எதுவும் விட்டுப்போகலை. 1623லயும் இதே வரிதான். அடிக்குறிப்பைக்கூடப் பார்க்காம இழை போடுறதே வழக்கமாப் போச்சு. முதல் அங்கம், நாலாம் காட்சி. செத்துப்போன அப்பாவோட ஆவி ஹேம்லட்டைக் கூப்பிடுது, நண்பன் ஹொரேஷியோவும் காவலாளி மார்செல்லஸும் அவனைப் பிடிச்சு நிறுத்துறாங்க. இந்த 'லெட்'டுக்கு 'தடு'ன்னு பொருள். பழைய ஆங்கிலத்துல இது தனி வினைச்சொல். பின்னாடி ஒலி ஒண்ணாயிடுச்சு.

தாமிரபரணி:
பாஸ்போர்ட் இருந்தா எடுத்துப் பாரும்மா. குடியரசுத் தலைவர் பேரால வர்ற வேண்டுகோள்ல "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்"னு இருக்கும். தடை, இடையூறு இல்லாம விடுங்கன்னு அர்த்தம். அதே 'லெட்'தான்.

கரிசல்:
தெரியாத வார்த்தைக்கு அகராதி பார்த்துடுவோம். கவுக்கிறது தெரிஞ்ச வார்த்தைதான். "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே"ன்னா சதி இருக்காதுன்னு இல்லை, இருக்கும்னு சந்தேகப்படறான். முதல் காட்சியில காவலாளி பெர்னார்டோ சொல்ற "ரைவல்ஸ்" எதிரிங்க இல்லை, கூடக் காவல் நிக்கிறவங்க.

அச்சுக்கோப்பு:
இவ்வளவு எதுக்கு? இக்கால ஆங்கிலத்துல மாத்தி எழுதினதைப் படிச்சாப் போதும்.

தாமிரபரணி:
போதாது. மூணாம் அங்கத்துல ஹேம்லட்டோட அம்மா கெர்ட்ரூட், "நீ உன் அப்பாவை ரொம்பப் புண்படுத்திட்டே"ன்னு 'தௌ' (அந்தக் கால 'நீ') போட்டுப் பேசுறா. அவ சொல்றது, தான் மறுமணம் பண்ணிக்கிட்ட கிளாடியஸை. "அம்மா, நீங்க என் அப்பாவைப் புண்படுத்திட்டீங்க"ன்னு செத்துப்போன சொந்த அப்பாவைச் சொல்லி, 'யூ' போட்டுத் திருப்புறான் மகன். அந்த மரியாதைலதான் அடியே இருக்கு. மாத்தி எழுதினதுல ரெண்டும் 'யூ' ஆயிடும்.

பழையவாத்தியார்:
'தௌ'வை வெறும் 'நீ'ன்னு எடுத்துக்கக் கூடாது. கடவுளையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க.

தாமிரபரணி:
முருகனை நாமளும் நீன்னுதானே கூப்பிடறோம் ஐயா?

தேர்வுக்காரி:
தடுக்கிறவனைன்னு எழுதிக்கிட்டேன், நன்றி. அந்த 'டவுட்' எந்தக் காட்சி?

கரிசல்:
முதல் அங்கம், ரெண்டாம் காட்சி. எல்லாரும் போனப்புறம் கடைசியில தனியாச் சொல்றான்.