மெடிக்கல் கோடிங்: 35 ஆயிரம் கட்டிப் படிக்கணுமா?

காவேரிக்கரை: தங்கச்சி பிஎஸ்சி ஜுவாலஜி முடிச்சிட்டு வீட்ல இருக்கா. திருச்சில ஒரு இன்ஸ்டிட்யூட்ல மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதற நோய், சிகிச்சைய இன்சூரன்ஸ் கிளைமுக்காக கோடா மாத்தற வேலை) மூணு மாசம், 35 ஆயிரம், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க. கட்டலாமா?

பழைய_கோடர்: கட்டாதீங்க ப்ரோ. எட்டு வருஷமா சென்னைல இந்த வேலைதான் பாக்குறேன், ஃப்ரெஷரா எடுத்து அவங்களே ட்ரெய்னிங் குடுக்கற கம்பெனி இங்க இருக்கு. நோய்க்கு கோட் போடற விதிகள், அதாவது ஐசிடி கைட்லைன்ஸ், அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பு சிடிசி சைட்லயே ஃப்ரீயா கெடக்கு, வருஷா வருஷம் அக்டோபர் 1 புதுசு வரும். ஜுவாலஜி படிச்ச பொண்ணுக்கு அனாட்டமி கஷ்டமே இல்ல. அந்த காசுல புக் வாங்கி சிபிசிங்கற கோடர் சர்டிபிகேட் பரீட்சை எழுத வைங்க.

திருச்சி_நர்ஸ்: அண்ணே இத ஒத்துக்கவே மாட்டேன். கைட்லைன்ஸ் படிக்கறது வேற, சார்ட் (நோயாளியோட மெடிக்கல் ரெக்கார்டு) பாத்து கோட் போடறது வேற. சுகர் இருக்கு, கிட்னி பாதிப்பும் இருக்குன்னு டாக்டர் தனித்தனியா எழுதிருந்தாரு, நான் சிக்கல் இல்லாத சுகருக்கான ஈ11.9 போட்டு கிட்னிக்கு என்18 தனியா போட்டேன். கிளாஸ்ல சார் சிவப்பு பேனால அடிச்சாரு. சம்பந்தம் இல்லன்னு டாக்டர் எழுதாத வரைக்கும் ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும், சுகரால வந்த கிட்னி பாதிப்புக்கான ஈ11.22 வரணும், அதுக்குப் பின்னாடிதான் என்18. அதே மாதிரி ஓபி சார்ட்ல "நிமோனியாவா இருக்கலாம்"னு இருந்தா அத கோட் பண்ணவே கூடாது, இருமல் காய்ச்சல்தான் போடணும். நானும் வீட்ல மூணு மாசம் தனியா படிச்சவதான், இந்தத் தப்பெல்லாம் சரின்னே நெனச்சிட்டு இருந்தேன், திருத்த ஆளு இல்லையே.

பழைய_கோடர்: உங்களுக்கு நல்ல சார் கெடச்சாரும்மா. எங்க டீமுக்கு வர்ற பசங்க நிறைய பேரு ஸ்லைட மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க, ஒரு சார்ட் கூட கையில தொட்டதில்ல. சிபிசில 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சரியா வரணும், புக்க தொறந்து வெச்சே எழுதலாம். மனப்பாடம் அங்க எதுக்கு, வேகமா தேடத் தெரியணும். பாஸ் பண்ணாலும் அனுபவம் இல்லாதவங்களுக்கு பேருக்குப் பின்னாடி "சிபிசி-ஏ"ன்னுதான் இருக்கும் (ஏ-ன்னா அப்ரண்டிஸ்), அந்த ஏ போக வேலை பாத்த அனுபவம் காட்டணும். அதனாலதான் மொதல்ல உள்ள நுழையணும்னு சொல்றேன்.

திருச்சி_நர்ஸ்: நுழையவே இன்டர்வியூல கோட் கேப்பாங்களே அண்ணே, அதுக்குத்தான் கிளாஸ்.

ராத்திரி_ஷிப்ட்: ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. என் ஃப்ரெண்டு கோடிங்னு காசு கட்டினான், கடைசில பிளேஸ்மென்ட்டுன்னு ஏஆர் காலிங்ல போட்டாங்க. ராத்திரி பூரா அமெரிக்க இன்சூரன்ஸ்காரங்களுக்கு போன் பண்ணி ஏன் கிளைம டினை பண்ணீங்கன்னு கேக்கற வேலை. அதுவும் நல்ல வேலைதான், ஆனா அவன் படிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கோடிங்தான்னு எழுதி வாங்குங்க.

காவேரிக்கரை: இப்பதான் போன்ல கேட்டேன். "கோடிங், இல்லன்னா ஏஆர்"ங்கறாங்க, எழுதியெல்லாம் தர மாட்டாங்களாம். நாளைக்கு டெமோ கிளாஸ் இருக்கு, சார்ட் குடுத்து திருத்தறாங்களான்னு தங்கச்சியோட போய் பாத்துட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் காசு கட்டல.