பூத்த ஃபெலனாப்சிஸ்: வாங்கியதும் தொட்டி மாற்றலாமா, பூ உதிரும் வரை காத்திருக்கணுமா?

மாடிப்பூ:
சென்னை, இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல். வந்து நாலு நாள் ஆன ஃபெலனாப்சிஸ், அதாவது மாத் ஆர்க்கிட். இரண்டு பூந்தண்டு, ஏழு பூ, ஆறு மொட்டு. உள்ளே 12 செ.மீ. கண்ணாடி பிளாஸ்டிக் தொட்டி முழுக்க ஸ்பேக்னம் மாஸ் (தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாசி), வெளியே பீங்கான் தொட்டி. பூ உதிரும் வரை தொடாதீங்கன்னு நர்சரியில் சொல்றாங்க. இங்கே பழைய பதிவுகளில் உடனே மாஸை எடுத்துடுங்கன்னு இருக்கு. எதைக் கேட்கிறது?

கரித்துண்டு:
உடனே மாஸை எடுத்துவிட்டு கரிக்கும் செங்கல் துண்டுக்கும் மாற்றுங்கள். அந்த மாஸ் பசுமைக்குடிலுக்காக வைத்தது. அங்கே வெப்பம், காற்றோட்டம், தண்ணீர் எல்லாம் அளவோடு போகும். சென்னையில் 32 டிகிரி வெப்பமும் கடற்கரை ஈரக்காற்றும் சேர்ந்தால் மேல் மாஸ் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், நடு மாஸ் சொதசொதவென்று இருக்கும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுவோம், நடுவேர் மூச்சு முட்டி அழுகும். இது மரத்தில் ஒட்டி வளரும் செடி. வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். போதாததற்கு, நாற்றாக இருந்தபோது வைத்த பழைய மாஸ் உருண்டை ஒன்று கட்டைவிரல் பருமனில் தண்டுக்கு நேர் கீழே இருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

வேர்க்காவலன்:
நோயை சரியாகச் சொல்லிவிட்டு மருந்தைத் தப்பாகச் சொல்கிறீர்கள் சார். ஃபெலனாப்சிஸுக்கு அடியில் தண்ணீர் சேமிக்கும் கிழங்கு கிடையாது. இலையும் வேரும்தான் சேமிப்பு. பதின்மூன்று பூவையும் மொட்டையும் தாங்கி நிற்கும் நேரத்தில் வேரைக் கலைத்தால் வெளுத்த மேல்தோல் விரியும், நுனி ஒடியும். ஈர மாஸில் வளர்ந்த வேரைத் திடீரென்று கரியில் வைத்தால் அதனால் வேண்டிய தண்ணீரை உறிஞ்ச முடியாது. முதலில் மொட்டு மஞ்சளாகி விழும், பிறகு கீழ் இலை சுருங்கும்.

மாடிப்பூ மேடம், இன்றைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். பீங்கான் தொட்டியிலிருந்து செடியை வெளியே எடுங்கள். அதன் அடியில் தேங்கும் ஒரு விரல்கடைத் தண்ணீர் போதும் செடியைக் கொல்ல. அடுத்து, கம்பியைச் சூடாக்கி பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில் எட்டு பத்து துளை போடுங்கள், வேர் ஒட்டியிருக்கும் இடத்தைத் தவிர்த்து. பிறகு தொட்டி வழியே வேரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்தால் இன்னும் ஒரு நாள் விட்டு, காலையில் 100 மி.லி. தண்ணீரை ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். குருத்தில் சொட்டு விழுந்தால் டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுங்கள்.

கரித்துண்டு:
பூ மூன்று மாதம் நிற்கும். நடுவே அழுகல் இருந்தால் அதுவரை செடி தாங்காது. ஆறு மொட்டுக்காகச் செடியைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். வேரின் நிறம் தொட்டி ஓரத்தில்தான் தெரியும், நடுவில் நடப்பது தெரியாது.

நிழல்வலை:
நடுவில் நடப்பதைப் பார்க்க வழி இருக்கிறது. மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டை ஒட்டி, வேரைக் குத்தாமல், மெதுவாக நடு வரை இறக்குங்கள். பத்து நிமிடம் விட்டு உருவி, உதட்டோரம் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும். முகர்ந்தும் பாருங்கள். காட்டு மண் வாசனை என்றால் கவலை இல்லை, புளித்த வாடை என்றால் தொட்டியிலிருந்து கட்டியாக அப்படியே வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படிக் கழன்றால் கரித்துண்டு சொல்வதுதான் சரி: இன்றே மாற்றணும், பூந்தண்டையும் வெட்டி ஜாடியில் வைத்துவிடணும். வேர் நன்றாக இருந்து நடு உருண்டை மட்டும் நனைந்திருந்தால், கட்டியைப் படுக்க வைத்து அடிப்பக்கமாகச் சாமணத்தால் அந்த உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுங்கள். வெளி வேர் கலையாது, பூவும் பெரும்பாலும் நிற்கும்.

வேர்க்காவலன்:
உருண்டையை மட்டும் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. முழுதாக மாற்ற வேண்டி வந்தாலும் வெறும் கரியிலும் செங்கல் துண்டிலும் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். ஏசி ஓடும் அறையில் அது ஒரே நாளில் காய்ந்துவிடும்.

கரித்துண்டு:
அது நியாயம். வீட்டுக்குள் வைப்பதென்றால் பைன் பட்டைத் துண்டு மூன்று பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, இரண்டும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அளவில். தேங்காய் மட்டைத் துண்டும் ஆகும், ஆனால் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து தினமும் தண்ணீர் மாற்றணும். தொட்டி அதே அளவு போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயாது. வெட்டிய வேரை நாள் முழுக்க நிழலில் ஆறவிட்டு, பிறகு வையுங்கள்.

மாடிப்பூ:
அடுத்த தடவை பூக்க மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள 13:40:13 உரம் போடலாமா?

நிழல்வலை:
வேண்டாம் மேடம். பூந்தண்டை வரவழைப்பது மணிச்சத்து இல்லை, குளிர்ச்சி. ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே சில வாரம் இருந்தால் தண்டு புறப்படும். தொடர்ந்து 28-க்கு மேலே இருந்தால் இலை மட்டும் விடும். சென்னையில் மார்கழி, தை இரவில்தான் 21 டிகிரி வரை இறங்கும். அந்த இரண்டு மாதம் ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, ஓரம் சிவந்தால் அதிகம். உரம் 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை, வேர் ஈரமாக இருக்கும்போது மட்டும். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரால் அலசுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். மழைத் தண்ணீர், இல்லையென்றால் ஆர்.ஓ. சுத்திகரித்த தண்ணீர். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அதைத் தொடவே வேண்டாம்.

வாழைப்பழம், மாம்பழம் பழுக்கிற மேடை பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் மொட்டு உதிரும்.

மாடிப்பூ:
குச்சி விட்டுப் பார்த்தாச்சு. நடுவில் நல்ல ஈரம், லேசான புளிப்பு வாடை. வெளியே எடுத்தால் ஓர வேர் பதினொன்று விறைப்பாக இருக்கு, நடுவில் இரண்டு மட்டும் உறை கழன்று வந்தது. உருண்டை கறுத்துப் போயிருக்கு.

கரித்துண்டு:
பதின்மூன்றில் இரண்டு. அப்படியானால் முழுதாக மாற்ற வேண்டாம், இதில் நான் ஒத்துக்கொள்கிறேன். உருண்டையை எடுத்துவிட்டு, அந்த இரண்டு வேரையும் தீயில் காட்டிய கத்தரியால் விறைப்பான இடம் வரை வெட்டுங்கள். பள்ளத்தில் பெரிய கரித்துண்டு இரண்டு மூன்று வைத்து அடைத்தால் நடுவில் காற்று போகும்.

வேர்க்காவலன்:
வெட்டிய இடத்தில் சமையல் பட்டைத்தூள் (லவங்கப்பட்டை) ஒரு சிட்டிகை, நல்ல வேரில் படாமல். பட்டால் அதையும் உலர்த்திவிடும். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். ஜன்னலைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள், மொட்டு முறுக்கிக்கொள்ளாமல் விரியும்.