கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது? ஜூன் கூட்டத்துக்குப் பட்டியல் போடுவதில் ஒரு தகராறு

களியக்காவிளை வாசி:
ஜூன் முதல் ஞாயிறு, புற்றுநோய் வந்தும் வாழ்கிறவர்களுக்கான நாள். அமெரிக்காவில் 1988-ல் தொடங்கியது. எங்கள் படிப்பகத்தில் இந்த வருடம் அதற்கு ஒரு கூட்டம் வைக்கிறோம். யார் யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் சண்டை. சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் ஆனவர்களை மட்டும் மேடையில் ஏற்றலாம் என்கிறார்கள் பாதிப்பேர். போன மாதம்தான் பயாப்சி ரிசல்ட் வந்து, திருவனந்தபுரத்துக்குக் கீமோவுக்குப் போய்வரும் ஒரு அக்கா இருக்கிறார். அவரையும் கூப்பிட வேண்டும் என்கிறோம் மீதிப்பேர். நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே ‘பிழைத்து வாழ்கிறவர்’ என்ற கணக்கு தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரப்பர்காட்டுக்காரன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. எனக்கு வாயில் வந்தது. ஆபரேஷன் முடிந்து கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கஞ்சித்தண்ணீர் இறங்காமல் கிடந்த அந்த வாரங்களில் யாராவது வந்து மேடைக்குக் கூப்பிட்டிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். அதற்காக நான் ஐந்து வருடக் கட்சியும் இல்லை. சிகிச்சை முடிகிற நாள்தான் தொடக்கம்.

காரணம் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்தில் என்னைச் சுற்றி ஆள் இருந்தது. கார் பிடித்துத் தர மைத்துனன், கட்டு மாற்ற நர்ஸ், தெரு முழுக்க விசாரிப்பு. கடைசி கரண்ட் முடிந்து ரிவ்யூ தேதி எழுதித் தந்த அன்றோடு எல்லாம் நின்றது. ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு உண்மையான பாடு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. எச்சில் ஊறவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் இரண்டு வாய் சோறு இறங்காது. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகத் தெம்பில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் இந்தக் காலம் யார் கண்ணிலும் படாமல் போகும்.

மேல்புறம் டீச்சர்:
ஐந்து வருடம் என்பதை யாரும் சும்மா சொல்லவில்லை. டாக்டர்களே ஐந்து வருடக் கணக்கைத்தானே பேசுகிறார்கள்? பல புற்றுநோய்களில் அதைத் தாண்டினால் திரும்பி வரும் பயம் நன்றாகக் குறைகிறது. கூட்டத்துக்கு வருகிற புது நோயாளிக்கு, தாண்டி நிற்கிற ஒருவரைக் காட்டினால்தானே தைரியம் வரும்? பாதி வழியில் இருப்பவரை மேடையேற்றி, பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர்கள் மனசு என்ன ஆகும்?

அண்டி ஆபீஸ் சித்தி:
டீச்சர், எனக்கு மார்பில் வந்தது, ஹார்மோன் வகை. தமோக்சிஃபென் மாத்திரையே ஐந்து வருடம் போட வேண்டும், சிலருக்குப் பத்து வருடமும் நீளும் என்று சொல்லித்தான் தந்தார்கள். இந்த வகை இருபது வருடம் வரைக்கும் திரும்பலாம் என்று 2017-ல் பெரிய ஆய்வே வந்திருக்கிறது. அப்படியென்றால் நான் எந்த வருடம் உங்கள் மேடைக்கு வருவது?

அண்ணன் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் முடிகிற நாள் வரைக்கும் காத்திருந்தால் சில காரியங்கள் கைமீறிப் போகும். என் கதையே இருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அந்தக் கையில் இனி வெட்டுக்காயம், தீக்காயம் படக்கூடாது, நீர் கோத்து வீங்கும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவரும் சொல்லவில்லை. நான் செய்வது முந்திரித் தோடு உடைக்கிற வேலை. அந்தத் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திரும்ப வேலைக்குப் போனேன், விரல் புண்ணானது, கை தோள் வரைக்கும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. முதலிலேயே ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று ஒருவர் கேட்டிருந்தால் தரம் பிரிக்கிற பகுதிக்கு மாறியிருப்பேன். பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்ற பேச்சை நோய் தெரிந்த வாரமே தொடங்கியிருக்க வேண்டும்.

குழித்துறை நர்ஸ்:
சித்தி சொல்வதை நான் வார்டில் பார்க்கிறேன். இந்த விவாதம் புதிதும் இல்லை. தனக்கே புற்றுநோய் வந்த ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர் 1985-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை எழுதினார். நோய் தெரிந்து சிகிச்சை நடக்கும் காலம், சிகிச்சை முடிந்து பயத்தோடு காத்திருக்கும் காலம், நோய் திரும்பாது என்று ஓரளவு நம்பி வாழும் காலம் என்று மூன்று பருவமாகப் பிரித்தார். மூன்றும் பிழைத்திருக்கும் காலம்தான் என்றார். அடுத்த வருடம் அவரும் சிலரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே கணக்கு என்று அறிவித்தது.

ரப்பர் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கரண்ட் வைக்கும் முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்களா? கெட்ட பல்லை முதலிலேயே எடுத்து, புண் ஆறிய பிறகுதான் தாடைக்குக் கரண்ட் வைப்பார்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். வாய் திறக்கிற பயிற்சியும் அப்படித்தான். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். தாடை இறுகிய பிறகு ஆரம்பித்தால் பாதி பலன்கூடக் கிடைக்காது. கீமோ போடப்போகும் இளம்பெண்ணிடம் குழந்தை வேண்டுமா என்று கேட்பதும் முதல் ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டியது.

ரப்பர்காட்டுக்காரன்:
பல் டாக்டரிடம் அனுப்பினார்கள், குச்சிப் பயிற்சியும் தந்தார்கள். அதை நல்ல சிகிச்சை என்பேன் தங்கச்சி. அதற்கும் நான் சொல்வதற்கும் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் காட்டுகிற அதே அமெரிக்காவில் 2006-ல் வந்த ஒரு பெரிய அறிக்கை எந்த இடத்தைப் பிடித்தது? சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர்கள் வழி தெரியாமல் நிற்கிறார்கள் என்பதைத்தான். என்ன மருந்து, எவ்வளவு கரண்ட், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி ஒவ்வொருவர் கையிலும் தரவேண்டும் என்றது. நம் எல்லைப் பக்கத்தில் அது இன்னும் அவசியம். சிகிச்சை அங்கே, வீடு இங்கே. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இங்குள்ள டாக்டர் ‘ஃபைல் எங்கே’ என்றார். ஃபைல் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

கடலோரம்:
இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு நுரையீரலில் வந்து எலும்புக்கும் போய்விட்டது. தினமும் ஒரு மாத்திரை, அது கேட்கிற வரைக்கும். என் சிகிச்சைக்கு முடிவு என்று ஒரு நாள் கிடையாது. டீச்சர் கணக்கிலும் நான் இல்லை, ரப்பர் அண்ணன் கணக்கிலும் இல்லை. காலையில் வலை பின்னுகிறேன், சாயங்காலம் பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் மற்றவர்கள் மனசு உடையும் என்று என்னை ஒதுக்குவது சரியில்லை டீச்சர். என்னைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்கள் யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது?

மேல்புறம் டீச்சர்:
ஐயா, உங்களை ஒதுக்க நினைத்து எழுதவில்லை. நீங்கள் அவசியம் வாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். ஆனால் புதிதாக நோய் தெரிந்தவருக்கு ஐந்து வருடம் தாண்டியவரைத் தனியாகக் காட்டவேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

களியக்காவிளை வாசி:
பட்டியலில் எல்லாரையும் சேர்க்கிறேன். கீமோவுக்குப் போகும் அக்காவிடம் நேற்றே கேட்டுவிட்டேன், ஊசி போட்ட வாரமாக இல்லாவிட்டால் வருகிறேன் என்றார். டீச்சர், ஐந்து வருடம் தாண்டியவர்கள் பேசுவதற்குத் தனி நேரம் உண்டு. ரப்பர் அண்ணா, சிகிச்சை முடிந்தவர்களுக்காக ஒரு மேசை போடுகிறோம். ஃபைல் நகல் கேட்டு விண்ணப்பம் எழுதித்தரவும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபிக்குப் பெயர் கொடுக்கவும் அங்கே ஆள் இருக்கும். நீங்களே அந்த மேசையில் உட்கார முடியுமா?

ரப்பர்காட்டுக்காரன்:
உட்காருகிறேன். முதல் நாள் கணக்கை மட்டும் இன்னும் ஏற்கவில்லை, அதையும் அன்றைக்குப் பேசுவேன். சித்தி, அண்டி ஆபீஸ் பெண்களிடம் அந்தக் கை விஷயத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும். வருவீர்களா?

அண்டி ஆபீஸ் சித்தி:
ஞாயிறு லீவுதான் அண்ணா, வருகிறேன். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிவருகிறேன். நர்ஸ் மோளே, கை வீக்கத்துக்குத் துணி சுற்றுவதைச் செய்து காட்ட ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா?